ஆனைமேல் துஞ்சிய இளவரசரும் உயிரோடு திரும்பிய நண்பரும்

எங்கள் திருநாவலூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் ஒருவர்தான். சுந்தரமூர்த்தி நாயனார். பக்தஜனேஸ்வரர் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. பரவையும் சங்கிலியும் உடன் இருக்க, எதிரே வெள்ளை யானை நிற்கிறது. ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்தன்று அவருடைய குருபூசைக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் இதே ஊரில் ஆண்டுக்கணக்காகப் பாசறை போட்டுத் தங்கியிருந்த இன்னொருவரை நாம் அநேகமாக மறந்துவிட்டோம். அவர் சோழ நாட்டுப் பட்டத்து இளவரசர், பெரும்படைக்குத் தலைவர். பெயர் இராசாதித்தர். அவரும் யானை மேலிருந்தே இந்த உலகத்தை விட்டுப் போனவர். சுந்தரருக்குச் சேரமான் பெருமாள் வாய்த்ததுபோல அவருக்கும் மலைநாட்டிலிருந்து வந்த ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பரின் கதையையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே எங்களுக்கு ரோலான் கதையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சார்லமேன் பேரரசரின் படை 778ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, பிரனே மலைக் கணவாயில் பின்படையைக் காத்து நின்று இறந்துபோன தளபதி அவர். வகுப்பில் வாத்தியார் அதைச் சொல்லும்போது எங்களுக்குக் கண் கலங்கும். பெரியவனான பிறகுதான் தெரிந்தது, ரோலானைப் பற்றி அக்கால வரலாற்று நூலில் இருப்பது ஒரே ஒரு வரி என்று. பிரித்தானி எல்லைக் காவலராக இருந்தவர், அந்தச் சண்டையில் இறந்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டுக் கட்டியவர்கள் சேர்த்தது. அந்த ஒரு வரித் தளபதிக்காக அழுத எனக்கு, என் சொந்த ஊரில் தங்கியிருந்து போருக்குப் போன தளபதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பாட்டுக் கட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆனால் கல்லும் செப்பேடும் இருக்கின்றன. ரோலானுக்கு இருப்பதைவிட அவை எவ்வளவோ அதிகம்.

இராசாதித்தரின் தந்தை முதலாம் பராந்தக சோழர். 907இல் பட்டத்துக்கு வந்தவர். மதுரையும் ஈழமும் கொண்டவர் என்று பெயர் எடுத்தவர். தாயார் பெயர் கோக்கிழானடிகள். தெற்கே பாண்டியரை வென்றாகிவிட்டது. தொல்லை வடக்கேதான் இருந்தது.

அந்தத் தொல்லை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது என்று சொல்ல வேண்டும். பராந்தகரின் தந்தை முதலாம் ஆதித்தர், இராட்டிரகூட அரச குடும்பத்தில் பெண் எடுத்திருந்தார். அந்த மனைவிக்குப் பிறந்த பிள்ளைக்குக் கன்னரதேவன் என்று பெயர். ஆனால் அரசுரிமை பராந்தகருக்கு வந்தது. இராட்டிரகூட மன்னர் இரண்டாம் கிருஷ்ணர் படையெடுத்து வந்தார். வாலாஜா பக்கத்திலுள்ள திருவல்லம் என்ற ஊரில், அந்தக் காலத்தில் வல்லாளம் என்று சொன்னார்கள், பராந்தகர் அந்தப் படையைத் தோற்கடித்தார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கங்க மன்னர் பிருதிவிபதி. வாணர்களுடைய நாட்டைப் பறித்து அவரிடம் கொடுத்து, வாணர் தலைவர் என்ற பட்டமும் கொடுத்தார் பராந்தகர். நாட்டை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வடக்கே இராட்டிரகூடரிடம் போய் முறையிட்டார்கள். பராந்தகரோ தம் மகள் வீரமாதேவியை இராட்டிரகூட மன்னர் நான்காம் கோவிந்தருக்குக் கொடுத்திருந்தார். அந்த மருமகன் பட்டத்தை இழந்தார். ஆக, இரண்டு பக்கத்திலும் சம்பந்தம், இரண்டு பக்கத்திலும் பகை. நம் ஊர்ப்பக்கம் பங்காளிச் சண்டையில் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான். இங்கே வரப்புக்குப் பதிலாக நாடு.

இப்படிப்பட்ட நிலையில்தான் பராந்தகர் தம் மூத்த மகனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். சுந்தரரை மகன்மையாக ஏற்று வளர்த்த நரசிங்க முனையரையர் ஆண்ட நாடு அது. பெண்ணையும் கெடிலமும் பாய்கிற பூமி. தொண்டை மண்டலத்திலிருந்து சோழ நாட்டுக்கு இறங்குகிற எந்தப் படையும் இந்த வழியைத் தாண்டித்தான் போக வேண்டும். மேற்கே திருக்கோவலூர் வழியாக மலைப்பக்கமிருந்து வந்தாலும் இங்கேதான் இறங்க வேண்டும். படைக்கும் குதிரைக்கும் யானைக்கும் தீனி கிடைக்கிற இடமும் இதுதான். திருநாவலூருக்கு இராசாதித்தபுரம் என்றே ஒரு பெயர் அப்போது இருந்தது.

கல்வெட்டுகளில் நம் ஊர் திருநாமநல்லூர் என்றும் கோயில் திருத்தொண்டீச்சரம் என்றும் வருகின்றன. 1902ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் இங்கே வந்து படியெடுத்தார்கள். அப்போது அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஜெர்மானியர், ஹுல்ட்ஷ் என்று பெயர். எங்கோ பிறந்தவர் நம் ஊர்ச் சுவரைப் படிக்க வைத்தார். நாம் அதே சுவரில் சாய்ந்துகொண்டு பிரசாதம் சாப்பிட்டோம்.

அந்தச் சுவரில் இளவரசரின் வீரச் செயல்கள் எதுவும் இல்லை. என்ன இருக்கிறது என்றால், விளக்குக் கணக்கு இருக்கிறது. கோக்கிழானடிகளின் பரிவாரத்தைச் சேர்ந்த ஒரு பெண் விளக்கு வைத்திருக்கிறாள். இளவரசரின் மெய்க்காவலில் இருந்த மலையாளச் சேவகர்கள் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நுந்தா விளக்கு என்றால் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும். அதற்கு நெய் வேண்டும். நெய்க்காக 90 ஆடோ 96 ஆடோ கோயிலுக்குக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். அவை சாவா மூவாப் பேராடு. ஒன்று செத்தால் ஒரு குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. பணிப்பெண்ணும் காவல்காரரும் அந்த மாதிரித் தர்மம் செய்கிறார்கள் என்றால், அவர்கள் நாலு நாள் கூடாரம் போட்டுவிட்டுப் போக வந்தவர்கள் அல்ல. ஊரோடு ஊராகக் குடியிருந்தவர்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புப் பார்த்தவன். யார், எந்தத் தேதியில், என்ன தொகை கட்டினார் என்பதைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு தெரிந்துவிடும். இந்தக் கோப்பில் தெரிவது இதுதான்: தலைவனோடு வந்த ஆட்கள் இந்த ஊரைத் தங்கள் ஊராக நினைத்தார்கள்.

இதைவிடத் துல்லியமான ஆவணம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்ற ஊரைத் தெரிந்திருக்கும். திருமுண்டீச்சரம் என்று தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. அங்கே சிவாலயத்தைக் கற்றளியாகக் கட்டியவர் வெள்ளன் குமரன். மலைநாட்டில் நந்திக்கரைப் புத்தூரைச் சேர்ந்தவர், இராசாதித்தரின் படைநாயகர். கல்வெட்டில் பராந்தகரின் 36ஆம் ஆட்சியாண்டு, கலியுகம் 4044ஆம் ஆண்டு என்று போட்டதோடு விடவில்லை. கலி பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் எண்ணி, 14,77,037 நாள் என்று வெட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை, இரேவதி நட்சத்திரம். கணக்குப் போட்டால் 943ஆம் ஆண்டு ஜனவரி 14 என்று வருகிறது. தேதியில் சந்தேகம் வரக்கூடாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதர் கவலைப்பட்டிருக்கிறார். குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தத் தேதி இன்னொன்றையும் சொல்கிறது. தக்கோலப் போர் நடந்தது 949இல். கோயில் எழும்பி ஆறு ஆண்டுகள் கழித்து. அப்படியானால் இளவரசரின் படை இந்த நாட்டில் குறைந்தது அந்த ஆறு ஆண்டுகளாவது எதிரியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. வீராணம் ஏரி இராசாதித்தர் தம் படையைக் கொண்டு வெட்டியது என்று ஒரு வழக்கு உண்டு. கல்கியும் 'பொன்னியின் செல்வ'னில் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஏரியின் பெயர் மட்டும் பராந்தகரின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரிலிருந்து வந்தது. சும்மா இருக்கிற படை கெட்டுப்போகும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். கோயில் கட்டினார்கள், விளக்கு வைத்தார்கள் என்பதற்குக் கல் சாட்சி.

வடக்கே 939இல் மூன்றாம் கிருஷ்ணர் பட்டத்துக்கு வந்தார். நம் கல்வெட்டுகள் அவரையும் கன்னரதேவன் என்றே சொல்கின்றன. சோழருக்கு உற்ற துணையாக இருந்த பிருதிவிபதி அதையொட்டிய காலத்தில் இறந்துபோனார். கங்க நாட்டில் பூதுகன் என்பவர் தலையெடுத்தார். அவர் கிருஷ்ணரின் அக்காள் கணவர். முன்பு சோழர் பக்கம் நின்ற கங்கர் படை இப்போது எதிரிப் பக்கம் போய்விட்டது. கடைசியில் 949இல், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் இரண்டு படைகளும் மோதின. திருவூறல் என்று ஞானசம்பந்தர் பாடிய தலம் அது.

அன்று என்ன நடந்தது என்பதை இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. சோழர் தரப்பைச் சொல்வது ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஊர் கொடுத்ததைச் சொல்லும் அந்த ஏடுகள் ஒல்லாந்துக்காரர் கையில் கிடைத்து லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இராசாதித்தர் கிருஷ்ணரின் சேனையைக் கலங்க அடித்தார், பெரிய யானையின் மேல் இருந்தபடியே கூரிய அம்புகள் நெஞ்சில் பாய்ந்து வீரசுவர்க்கம் போனார் என்கிறது அது. பிற்காலத்தில் ஆனைமேல் துஞ்சின தேவர் என்று அவருக்குப் பெயர் நிலைத்ததும் இதனால்தான். துஞ்சினார் என்றால் உறங்கினார் என்று பொருள். செத்தார் என்று சொல்ல நம் முன்னோருக்கு வாய் வரவில்லை.

எதிர்த் தரப்பைச் சொல்வது கர்நாடகத்தில் மத்தூருக்குப் பக்கத்தில் ஆதகூரில் கிடைத்த ஒரு கல். இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூதுகன்தான் இராசாதித்தரைக் கொன்றார் என்றும், அதற்காகக் கிருஷ்ணர் வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளை அவருக்குக் கொடுத்தார் என்றும் அது சொல்கிறது. அதை முதலில் படித்த அறிஞர்கள், பூதுகன் நண்பனைப்போல் நடித்து வஞ்சகமாகக் குத்திக் கொன்றார் என்று பொருள் கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக்கொண்டு குத்துவாளால் சண்டையிட்டுக் கொன்றார் என்பதுதான் சரியான பொருள் என்றார்கள். ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததால் ஒரு மனிதர் மேல் கொஞ்ச காலம் துரோகப் பழி இருந்தது. எழுத்தைக் கையாளுகிறவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அந்தக் கல்லை எதற்காக நட்டார்கள் தெரியுமா? ஒரு நாய்க்காக. பூதுகனின் வீரர்களில் மணலேரன் என்று ஒருவர். போரில் அவர் காட்டிய வீரத்தைப் பார்த்து, வேண்டியதைக் கேள் என்றார் பூதுகன். மணலேரன் பொன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினார். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு, பன்றியும் செத்தது, நாயும் செத்தது. அதன் நினைவாகக் கல் நட்டு, நாயும் பன்றியும் மோதுவதைச் சிற்பமாகச் செதுக்கி, பூசைக்கு நிலமும் விட்டார்கள். சோழ நாட்டுப் பட்டத்து இளவரசர் செத்த செய்தி அந்த நாயின் கல்லில்தான் நமக்கு விவரமாகக் கிடைக்கிறது. முதலில் இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நன்றியுள்ள ஜீவனுக்கு நட்ட கல், எதிரியின் சாவையும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறது.

இனி நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் பெயர் வல்லபர். கேரள தேசத்தில் பிறந்து, பல கலைகளும் கற்று, சோழ நாட்டுக்கு வந்து இராசாதித்தருக்கு உயிர்த் தோழரானவர். தக்கோலத்தில் இளவரசர் விழுந்தபோது இவர் பக்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கல்வெட்டு விளக்கவில்லை. அவர் மனம் என்ன பாடுபட்டது என்பதை மட்டும் சொல்கிறது. தலைவனோடு சேர்ந்து சாகாமல் போனது தனக்கும் தகாது, தன் குலத்துக்கும் தகாது, தன் தலைவனுக்கும் தகாது என்று அவர் வெட்கப்பட்டார். உலகத்தை வெறுத்துக் கங்கைக்குப் போய் நீராடினார். திரும்பி வந்து திருவொற்றியூரில் நிரஞ்சன குரு என்பவரிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் துறவியாகி, அங்கே மடத்துத் தலைவராக இருந்தார்.

கிராமத்தில் கோயில் கட்டிய வெள்ளன் குமரனும் இவரும் ஒருவரே என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒருவராக இருந்தாலும் இருவராக இருந்தாலும், மலைநாட்டிலிருந்து வந்து சோழ இளவரசரிடம் விசுவாசமாக இருந்தவர்கள் என்பதில் மாற்றமில்லை.

என்னைத் தைத்த விஷயம் வேறு. திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் கோயிலுக்குப் பொன் வைத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்த கல்வெட்டுக்குத் தேதி எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டு என்று போட்டிருக்கிறார்கள். அதாவது, தம் நண்பரைக் கொன்ற எதிரி மன்னரின் ஆண்டு. தக்கோலம் தோற்றதும் தொண்டை மண்டலம் கிருஷ்ணர் கைக்குப் போய்விட்டது. கச்சியும் தஞ்சையும் கொண்ட என்று பட்டம் போட்டுக்கொண்டார். நம் திருக்கோவலூர்ப் பக்கம்கூட அவர் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. எந்த ராஜா வந்தாலும் பத்திரத்தில் அவர் பெயரைத்தானே எழுத வேண்டும்? சதுரானனரும் எழுதினார். ஆனால் அதே கல்லில் தாம் இராசாதித்தரின் நண்பர் என்பதையும் ஒளிக்காமல் வெட்ட வைத்தார். ஜெயித்தவன் தேதிக்குக் கீழே தோற்றவன் பெயர். இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மேல் கயிலைக்குப் புறப்பட்டார். அதை அறிந்த சேரமான் பெருமாள் குதிரையின் காதில் பஞ்சாட்சரத்தை ஓதி அதன் மேலேறி அவரோடு போய்விட்டார். நட்பு என்றால் அதுதான் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். வல்லபரும் அந்தக் கதை தெரிந்தவராகத்தான் இருந்திருப்பார். திருநாவலூரில் தங்கிய படையில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தம் நண்பரும் யானை மேல்தான் போனார். தாமும் சேர நாட்டவர்தான். ஆனால் கூடப் போக முடியவில்லை. அந்த வேதனையை அவர் எத்தனை இரவு நினைத்துக்கொண்டு கிடந்தாரோ! கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடமும் திருவொற்றியூர். அங்கேதான் சுந்தரர் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறிப் போய்க் கண்பார்வை இழந்தார். வாக்குத் தவறியவருக்கும் அருள் உண்டு என்று சொல்கிற தலம் அது.

பராந்தகர் மகன் போன துக்கத்தோடு இன்னும் சில ஆண்டுகள் இருந்து 955 வாக்கில் காலமானார். சோழ நாடு சுருங்கிப்போயிற்று. அதை மறுபடி எழுப்பியவர் இராசாதித்தரின் தம்பி அரிஞ்சயரின் பேரன். 985இல் பட்டத்துக்கு வந்த அவரைத்தான் நாம் இராசராசன் என்று கொண்டாடுகிறோம். தக்கோலத்துக்கும் அதற்கும் இடையில் 36 ஆண்டுகள். பெரிய கோயிலைப் பார்க்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெரிய பாட்டனார் ஞாபகம் வரும்?

எழுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் ஒரு கேள்வி இருக்கிறது. கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். நாம் மட்டும் ஏன் மிச்சம் என்று ராத்திரியில் தோன்றும். வல்லபருக்கு அந்தக் கேள்வி நம்மைவிடப் பலமடங்கு கூராக வந்தது. அவர் உயிரை விட்டுவிடவில்லை. இருந்தார், பிறருக்கு ஆனதைச் செய்தார், போனவர் பெயரைக் கல்லில் ஏற்றினார். மிச்சமிருக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான் போலிருக்கிறது.

அடுத்த முறை பக்தஜனேஸ்வரரைத் தரிசிக்க வந்தால் சுந்தரருக்கு எதிரே நிற்கிற வெள்ளை யானையைப் பாருங்கள். அப்படியே சுவரையும் ஒரு முறை பாருங்கள். அந்த எழுத்துகள் நமக்குப் படிக்க வராது, பரவாயில்லை. மலையாளச் சேவகர்கள் ஏற்றிய விளக்கு அங்கேதான் எரிந்தது. இராசாதித்தர் என்ற பெயரை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாருங்கள்.